கையெழுத்துப் போடும் கைகள்



மாலை வேளையில் பாகூர் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைக் கோடு இழுத்தபடி ஒரு விமானம் போகும். வயலில் குனிந்து வேலை செய்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் கைகாட்டிக் கத்துவார்கள். "அதை ஓட்டுறவரு எவ்ளோ பெரிய கெட்டிக்காரரா இருப்பாரு!" என்போம். ஓட்டுகிறவரைப் பற்றித்தான் பேசுவோமே தவிர, "இது கிளம்பலாம்னு சொல்லி அனுப்பினது யாரு?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி சிறு வயதிலிருந்தே உண்டு. காரணம் என் பெரியப்பா. என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். பாகூர் கொம்யூனில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்து, பிரான்ஸ் நாட்டில் 43 ஆண்டுகள் விமான மெக்கானிக்காக வேலை பார்த்து, 2019-இல் ஓய்வு பெற்றவர். இப்போது வருஷா வருஷம் மார்கழி பிறக்கும் முன்பே ஊருக்கு வந்துவிடுவார். பங்குனி வெயில் ஏறும்போது திரும்பிப் போவார்.

நம் பேரவை மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டபோது, வேறு யாரையும் தேடிப் போக வேண்டாம், திண்ணையிலேயே ஒரு பாடப்புத்தகம் உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றியது. அவர் சொன்னதையும், அதைத் தொட்டு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சொல்தா வீட்டுப் பிள்ளை

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். காரைக்கால், கடலூர் பக்கமிருந்து வந்து படிக்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானாலும், சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றுமுதல் ஆறு மாத அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் இன்றைக்கும் 'ஒப்சியோன்' என்கிறார்கள்.

பெரியப்பாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர் வழக்கில் 'சொல்தா'. இந்தோசீனா வரை போய் வந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்போது பெரியப்பாவுக்கு ஐந்து வயது. அப்பா போட்ட ஒரு கையெழுத்தில் பிள்ளையும் பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டான்!

"பேப்பர்ல பிரெஞ்சுக்காரன்டா. வாயைத் தொறந்தா பாகூர்க்காரன்" என்று சொல்லிச் சிரிப்பார். தமிழ் வழியில்தான் படித்தார். பள்ளி விட்டதும் ஊரில் பம்புசெட் ஆயில் என்ஜின் ரிப்பேர் செய்கிற பட்டறையில் எடுபிடி. எந்த என்ஜின் எந்த வயலில் எப்படி இருமும் என்று அவருக்குத் தெரியும்.

பிரான்சில் அந்தக் காலத்தில் இளைஞர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். 1976-இல், பத்தொன்பது வயதில், ஒரு தகரப்பெட்டியோடு கிளம்பினார். விமானப்படையில் சேர்ந்தார். என்ஜின் வேலை தெரியும் என்று சைகையில் சொல்லிப் புரியவைத்தாராம்! சேவை முடிந்ததும் அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்து, ரோஷ்ஃபோர் நகரத்தில் உள்ள விமானப்படைத் தொழில்நுட்பப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனார்.

மொழி தெரியாதவன் கற்ற முதல் பாடம்

"குளிரா பெரியப்பா ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன்.

"குளிருக்குச் சட்டை போட்டுக்கலாம். பாஷை தெரியாததுக்கு என்னத்தைப் போட்டுக்கறது?" என்றார்.

கூடப் படித்தவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. தன்னைப் பார்த்துத்தானோ என்று குன்றிப் போவார். ஆனால் பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் மொழி கிடையாது. 'காலை வணக்கம்' சொல்லப் பழகுவதற்கு முன்பே ஐம்பது உதிரி பாகங்களின் பிரெஞ்சுப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டார்.

அங்கே கற்ற முதல் பாடம் என்ஜினைப் பற்றியது அல்ல, கருவிப் பலகையைப் பற்றியது. சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் அதன் உருவத்தையே வரைந்து இடம் ஒதுக்கியிருக்கும். மாலையில் ஒரு இடம் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. விமானமும் கிளம்ப முடியாது. மறந்துபோன ஒரு ஸ்பேனர் இறக்கைக்குள் உருண்டு கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் ஒரு சின்ன ஸ்பேனரைக் காணோம். மூன்று மணி நேரம் எல்லோரும் தேடினார்கள். கடைசியில் அது பெரியப்பாவின் கோட்டுப் பையிலேயே இருந்தது! நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னார். ஆசிரியர் திட்டவில்லை. "சொன்னதற்கு நன்றி" என்று கைகொடுத்தார். "திட்டியிருந்தா அடுத்த தடவை நான் மறைச்சிருப்பேன். அந்த மனுஷன் கை குடுத்தாரு பாரு, அன்னிக்குத்தான் நான் மெக்கானிக் ஆனேன்" என்றார் பெரியப்பா.

தமிழ் வழியில் படித்து வந்த நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. இன்றைய விமானப் பராமரிப்பு நூல்கள் பெரும்பாலும் 'எளிய தொழில்நுட்ப ஆங்கிலம்' என்ற முறையில் எழுதப்படுகின்றன. 1980-களில் ஐரோப்பிய விமானத் துறை உருவாக்கிய முறை இது. பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டுமே. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. ஏன் தெரியுமா? இதைப் படித்து வேலை செய்கிறவர்களில் மிகப் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல! இங்கிலீஷ் வராது என்று பயப்படுகிறவர்கள் இதை நினைத்துத் தைரியம் கொள்ளலாம்.

உலகின் முதல் விமான மெக்கானிக்

ரைட் சகோதரர்களை நமக்குத் தெரியும். 1903 டிசம்பர் 17-இல் 12 விநாடி, 120 அடி தூரம் பறந்தார்கள் என்று ஐந்தாம் வகுப்பிலேயே எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த விமானத்தின் என்ஜினைச் செய்தது யார்? சார்லஸ் டெய்லர் என்கிற மெக்கானிக்.

1868 மே 24-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக மனைவி மக்களோடு ஊர் மாறி ஊர் மாறி டேட்டன் நகரத்துக்கு வந்தவர். 1901-இல் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார். விமானத்துக்கு ஏற்ற எடை குறைந்த என்ஜின் செய்து தர எந்தக் கம்பெனியும் முன்வராதபோது, இவர் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். கையில் இருந்தவை ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சில கைக்கருவிகள். முழுமையான வரைபடம்கூடக் கிடையாது. துண்டுக் காகிதத்தில் கிறுக்கிய படங்களைக் கண்ணெதிரே மாட்டிவைத்து வேலை செய்தார். கிராங்க் ஷாஃப்ட்டுக்காக சுமார் 45 கிலோ எஃகுப் பாளத்தில் துளை மேல் துளை போட்டு, தேவையில்லாததைத் தட்டி எடுத்து, லேத்தில் கடைந்து முடித்தபோது எடை 9 கிலோவுக்கும் கீழே! நான்கு சிலிண்டர், அலுமினியக் கலவை உடல், சுமார் 12 குதிரைத்திறன். நம் ஒர்க் ஷாப்பில் லேத் சரியில்லை என்று குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு டெய்லர் ஞாபகம் வருகிறது.

பிறகு? 1911-இல் ரோட்ஜர்ஸ் என்ற விமானி அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தபோது, டெய்லர் ரயிலில் பின்தொடர்ந்து, உடைந்த விமானத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து அனுப்பினார். சம்பளம் அதிகம், குடும்பத்தைக் கலிஃபோர்னியாவில் குடியமர்த்தலாம் என்பதால்தான் அந்த வேலைக்குப் போனார். அங்கே மனைவி நோயில் விழுந்தார். போட்ட பணமெல்லாம் நிலத்தில் போய்விட்டது. 1930-களில், உலகின் முதல் விமான என்ஜினைச் செய்த அந்தக் கைகள், ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆர்வில் ரைட் தன் உயிலில் வருஷத்துக்கு 800 டாலர் எழுதிவைத்தது ஓர் ஆறுதல். 1956 ஜனவரி 30-இல், ஒரு மருத்துவமனையின் தர்மப் பிரிவில் காலமானார்.

இன்று அவர் பிறந்த மே 24 அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினம். ஐம்பது ஆண்டுகள் அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு அவர் பெயரால் ஒரு விருதும் உண்டு. இருக்கும்போது மறந்துவிட்டு இறந்தபின் விருது! எல்லா ஊரிலும் இதுதான் கதைபோலும்.

அப்படி என்னதான் வேலை?

பெரியப்பா ரேன்ஸ் நகரத்து விமானப்படைத் தளத்தில் மிராஜ் எஃப்-1 போர் விமானங்களில் வேலை பார்த்தார். பிறகு 1992-இல் படையிலிருந்து விலகி, பாரிஸ் பக்கத்தில் ருவாசியில் உள்ள சார்ல் தெ கோல் விமான நிலையத்தில், பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் விளக்கியதை நம் மொழியில் சொல்கிறேன்.

விமானம் தரையிறங்கியதும் மெக்கானிக் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். டயரில் வெட்டு உண்டா, எண்ணெய் கசிகிறதா, என்ஜினின் விசிறி இதழில் பறவை மோதிய அடையாளம் உண்டா என்று பார்ப்பார். விமானி 'டெக்னிக்கல் லாக்' என்ற பதிவேட்டில் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுத வேண்டும். இது அன்றாட வேலை. குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் 'ஏ செக்'. ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 'சி செக்'. சில வருஷங்களுக்கு ஒருமுறை உள்ளலங்காரத்தையெல்லாம் கழற்றிவிட்டு எலும்புக்கூடு தெரியப் பார்க்கிற பெரிய செக்.

நமக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று டார்க் ரெஞ்ச். போல்ட்டைக் கம்மியாக முறுக்கினால் அதிர்வில் கழன்றுவிடும். அதிகமாக முறுக்கினால் போல்ட் இழுபட்டுத் தன் மீள்தன்மையை இழந்துவிடும். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரில் யீல்ட் பாயிண்ட் என்று படித்தோமே, அதேதான்! ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று நூலில் போட்டிருக்கும். 'கை உணர்ச்சியில தெரியும் சார்' என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டாவது லாக் வயர். முறுக்கிய போல்ட்டின் தலைத் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, பின்னி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டுவார்கள். ஒரு போல்ட் கழல நினைத்தால், அந்தக் கம்பி பக்கத்துப் போல்ட்டை முறுகும் பக்கமாக இழுக்கும். அதுவும் இதை விடாது. மாற்றிக் கட்டினால் கட்டியும் பயனில்லை. "நல்ல குடும்பம் மாதிரிடா. ஒருத்தன் கழண்டு போக நெனச்சா இன்னொருத்தன் இழுத்துப் புடிப்பான்" என்பார் பெரியப்பா.

எல்லாம் முடிந்தபின் 'இது பறக்கத் தகுதியானது' என்று லைசென்ஸ் பெற்றவர் கையெழுத்துப் போடுவார். அதன்பின்தான் விமானம் நகரும். விமானத்தைத் திருப்புகிற, ஏற்றி இறக்குகிற கட்டுப்பாட்டுப் பாகங்களில் கை வைத்தால் ஒருவர் பார்த்தது போதாது. இரண்டாமவர் தனியாகச் சோதித்து அவரும் கையெழுத்திட வேண்டும்.

0.66 மில்லிமீட்டர்

இப்போது என் கதை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

போன வருஷம் ஒர்க் ஷாப்பில் ஒரு ஷாஃப்ட் கடைந்தேன். 25 மி.மீ. வரவேண்டியது, அளந்து பார்த்தால் 24.6. ரெக்கார்டு நோட்டில் 25.0 என்று எழுதிவிட்டேன். நம்மில் எத்தனை பேர் எழுதவில்லை! பெரியப்பாவிடம் இதை ஒரு வீரப் பிரதாபம்போல் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு சம்பவம் சொன்னார்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 81 பயணிகளோடு கிளம்பியது. சுமார் 17,000 அடி உயரத்தில், விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. உள்ளேயிருந்த காற்றழுத்தம் கேப்டனை வெளியே தள்ளியது. பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

காரணம் என்ன? பறப்பதற்கு முன்தினம் அதிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. அதாவது சுமார் 0.66 மி.மீ! மீதி ஆறு நீளத்தில் குறைவு. மாற்றியவர் அனுபவசாலிதான். இரவு ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறை. பட்டியலில் பாகத்தின் எண்ணைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவிட்டார்.

"நீ எழுதினது எவ்ளோ வித்தியாசம்?" என்று கேட்டார் பெரியப்பா.

"0.4 மி.மீ." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தப்பா கடைஞ்சது தப்பில்லடா. பழகறப்ப எல்லாருக்கும் வரும். 24.6-ன்னு எழுதியிருந்தா அது வெறும் வேஸ்ட் பீஸ். 25-ன்னு எழுதுன பாரு, இப்போ அது பொய்யா ஆயிடுச்சு. பொய்யை நம்பி எவனாவது அதைக் கொண்டு போய் மாட்டுவான்."

மறுவாரம் ரெக்கார்டைத் திருத்தி எழுதி எங்கள் சாரிடம் காட்டினேன். இரண்டு மார்க் போனது. போகட்டும்!

ருவாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை

2000 ஜூலை 25. கான்கார்ட் விமானம் நியூயார்க் போக சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து கிளம்பியது. சில நிமிஷம் முன்பு அதே ஓடுபாதையில் போன வேறொரு விமானத்திலிருந்து சுமார் 43 செ.மீ. நீள உலோகத் தகடு ஒன்று கழன்று விழுந்து கிடந்தது. அதன்மேல் கான்கார்டின் டயர் ஏறி வெடித்தது. சிதறிய ரப்பர்த் துண்டு இறக்கைக்கு அடியில் மோத, எரிபொருள் தொட்டி பிளந்து தீப்பிடித்தது. கோனெஸ் என்ற ஊரில் ஒரு விடுதிமேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், தரையில் 4 பேரும் மாண்டார்கள்.

பெரியப்பா அன்று பகல் ஷிஃப்ட்டில் இருந்தார். கறும்புகையைக் கண்ணால் பார்த்தார். அவர் குடியிருந்த சார்செல் பகுதி கோனெஸுக்குப் பக்கம். பெரியம்மாவும் பிள்ளைகளும் என்ன ஆனார்களோ என்று தெரியாமல் தவித்த அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசும்போது இப்போதும் குரல் மாறுகிறது.

அந்தத் தகட்டைப் பொருத்திய மெக்கானிக்மீது வழக்கு நடந்தது. 2010-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2012-இல் மேல்முறையீட்டில் அந்தக் குற்றத் தீர்ப்பு ரத்தானது. "அந்த ஆளு பன்னண்டு வருஷம் தூங்கியிருக்க மாட்டான்" என்றார் பெரியப்பா. இந்தத் தொழிலின் பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கையெழுத்துப் போடாத இரவு

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1996. பெரியப்பா ஓர் என்ஜினைத் தாங்கும் பாகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். எட்டு போல்ட். வரிசையாக டார்க் ரெஞ்சால் முறுக்கி வந்தார். ஃபோன் என்று கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து பெரியம்மா. பாகூரில் அப்பா தவறிவிட்டார்.

திரும்பி வந்து விமானத்தின் முன்னால் நின்றார். நாலு போல்ட் முடித்தது ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது? முறுக்கினோமா இல்லையா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. காலையில் கிளம்ப வேண்டிய விமானம். மேலே இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பெரியப்பா சொன்னாராம்: "என் அப்பா இறந்துட்டார். அஞ்சாவது போல்ட் எனக்கு ஞாபகம் இல்ல. இந்தக் கையால நான் கையெழுத்துப் போட மாட்டேன். எட்டையும் அவுத்துட்டு வேற ஆளை வெச்சு முதல்லேருந்து ஆரம்பிங்க."

அதைப் பதிவேட்டில் எழுதியும் வைத்தார். வேறொருவர் எட்டையும் கழற்றி முறுக்கினார். விமானம் தாமதமாகக் கிளம்பியது. ஒப்படைத்துவிட்டு, டிக்கெட் கிடைத்து, சென்னை வந்து, வண்டி பிடித்துப் பாகூர் சேர்ந்தபோது மூன்றாம் நாள். மூத்த பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும், தம்பி வைத்துவிட்டார். ஊரில் சிலர் பேசினார்கள்: "வெளிநாட்டுக் காசு கண்ணை மறைச்சிடுச்சு."

"எட்டையும் அவுக்கச் சொல்லிட்டு நின்ன ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பியிருந்தா வந்து சேர்ந்திருப்பீங்களா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியலடா. வந்திருக்கலாம். ஆனா அந்தப் பிளேன்லயும் எவனாவது அப்பாவைப் பாக்கத்தான் போயிருப்பான்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

குடும்பம் என்கிற பதிவேடு

பெரியப்பா வீட்டில் ஒரு பழைய நீல நோட்டு இருக்கிறது. 1976 முதல் ஊருக்கு அனுப்பிய ஒவ்வொரு தொகையும் அதில் தேதிபோட்டு எழுதியிருக்கிறது. தங்கை கல்யாணம், தம்பியின் படிப்பு, அம்மாவின் கண் ஆபரேஷன், கிணற்று மோட்டார். 1983-இல் வில்லியனூரில் கல்யாணம். திருக்காமீசுவரர் கோவில் தேர் பார்த்துவிட்டுப் புதுமாப்பிள்ளை தனியாகப் பிரான்சுக்குத் திரும்பினார். பெரியம்மா போய்ச் சேர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் வாரம் ஒரு கடிதம். பெரியம்மா அத்தனையையும் கட்டிவைத்திருக்கிறார். படிக்கத்தான் தரமாட்டேன் என்கிறார்!

இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்ததும் தூங்கப் போகமாட்டாராம். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டுத்தான் தூக்கம். சனிக்கிழமை பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளுக்குப் போய்க் கறிவேப்பிலை, இட்லி அரிசி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து. அக்கா இப்போது அங்கே செவிலியர். அண்ணன் கம்ப்யூட்டர் துறை. இருவரும் தமிழில் ஃபோன் பேசுவார்கள்; கொஞ்சம் பிரெஞ்சு வாடை அடிக்கும், பரவாயில்லை.

"உங்களுக்குன்னு என்ன பண்ணிக்கிட்டீங்க பெரியப்பா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "நல்லா ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

நமக்கு வழி உண்டா?

உண்டு. ஆனால் விளம்பரங்கள் சொல்வதுபோல் சுலபமில்லை. மூன்று செய்திகள் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: நம் டிப்ளமோ மட்டும் விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமையைத் தராது. அதற்கு டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் தரும் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வேண்டும். பி-1 என்பது உடற்பகுதியும் என்ஜினும், மெக்கானிக்கல்காரர்களுக்கு உகந்தது. பி-2 என்பது மின்னணுக் கருவிகள். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு. மாட்யூல் மாட்யூலாகத் தேர்வு எழுத வேண்டும். பாஸ் மார்க் 75 சதவீதம். நம் 40-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்! அதோடு சில ஆண்டுகள் நேரடி அனுபவமும் பதிவேட்டில் காட்ட வேண்டும்.

இரண்டு: லட்சக்கணக்கில் பணம் கட்டிச் சேரும் முன், அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு டிஜிசிஏ அனுமதி இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். புரோக்கர் வார்த்தையை நம்பி நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அனுமதியில்லாத இடத்தில் படித்த சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

மூன்று: பணம் இல்லாதவர்களுக்கும் கதவு உண்டு. பராமரிப்பு நிறுவனங்களில் டெக்னீஷியனாகச் சேரலாம். பெங்களூர் ஹெச்.ஏ.எல். போன்ற இடங்களின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளைக் கவனிக்கலாம். விமானப்படையின் அக்னிவீர் வாயு தேர்வுக்கு மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்களும் விண்ணப்பித்திருக்கிறார்கள். வயது, மதிப்பெண் நிபந்தனைகளை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக...

நான் விமான மெக்கானிக் ஆவேனா, தெரியாது. கார் கம்பெனிக்கோ பம்ப் கம்பெனிக்கோ போகலாம். ஆனால் எங்கே போனாலும் ஒரு கையெழுத்து இருக்கும். 'இன்ஸ்பெக்டட், ஓகே' என்று ஒரு கட்டத்தில் நம் பெயரின் முதல் எழுத்தைப் போடுவோம். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் முகம் தெரியாத யாரோ ஒருவர் பஸ்ஸில் ஏறுகிறார், லிஃப்டில் ஏறுகிறார், குழந்தையோடு விமானத்தில் ஏறுகிறார்.

இந்த மார்கழியிலும் பெரியப்பா வந்திருக்கிறார். நேற்று மாலை ஏரிக்கரையில் இருவரும் நின்றோம். மேலே ஒன்று போனது. நான் வழக்கம்போல் அது எந்தக் கம்பெனி விமானம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவர் கையைக் கண்ணுக்குமேல் வைத்து, மறையும்வரை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எவனோ நல்லா முறுக்கியிருக்கான்."

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை